மாத்திரைக்கும் ஒரு கட்டம் போடுங்களேன்

டிஸ்கி முதலிலேயே: அடியேன் டாக்டர் இல்லை. பி.காம். படித்துவிட்டு இருபது வருஷத்துக்கு மேலாக பேங்க்கில் ஆணி பிடுங்குபவன். இதைப் படித்துவிட்டு யாரும் மாத்திரையை நிறுத்தவோ, பாதியாக உடைத்துச் சாப்பிடவோ கூடாது. சந்தேகம் இருந்தால் உங்கள் டாக்டரிடம் கேளுங்கள். அப்படிக் கேட்க வைப்பதற்குத்தான் இந்தப் பதிவே.

எங்கள் பேங்க்கில் ஒரு சேவிங்ஸ் கணக்கு திறக்க வந்தால், முதல் பக்கத்திலேயே ஆணா பெண்ணா என்று ஒரு கட்டம் இருக்கும். 2015-ல் ரிசர்வ் வங்கி சொன்ன பிறகு மூன்றாம் பாலினத்துக்கும் ஒரு கட்டம் வந்தது. அத்தோடு விட்டார்களா? ரிசர்வ் வங்கிக்கு நாங்கள் அனுப்பும் பி.எஸ்.ஆர். ரிட்டர்னில் ஆண்கள் டெபாசிட் எவ்வளவு, பெண்கள் டெபாசிட் எவ்வளவு, கடனில் யாருக்கு எவ்வளவு என்று பிரித்துக் காட்ட வேண்டும். கூட்டி ஒரே தொகையாகப் போட்டு அனுப்பினால் திரும்பி வந்துவிடும். ஐந்நூறு ரூபாய் டெபாசிட்டுக்கே இவ்வளவு கறார்.

வயிற்றுக்குள் போகிற மாத்திரைக்கு? அட்டையைத் திருப்பித் திருப்பிப் பாருங்கள். பெரியவர்களுக்கு இவ்வளவு, குழந்தைகளுக்கு இவ்வளவு, அல்லது டாக்டர் சொல்கிறபடி. 'பெரியவர்கள்' என்ற அந்த ஒரே சொல்லுக்குள் 85 கிலோ ரங்கமணியும் அடக்கம், 48 கிலோ தங்கமணியும் அடக்கம். இதை வீட்டில் சொன்னபோது தங்கமணி கேட்டார்: "ரவிக்கையை அளவெடுத்துத் தைக்கறோம். மாத்திரை மட்டும் எல்லாருக்கும் ஒரே சைஸா?"

வெறும் எடை விஷயம் என்றால்கூடப் பரவாயில்லை. ஸோல்பிடெம் என்று ஒரு தூக்க மாத்திரை. அமெரிக்காவில் 1992-லிருந்து விற்பனையில் இருக்கிறது. ஆணும் பெண்ணும் 10 மில்லிகிராம்தான் சாப்பிட்டு வந்தார்கள். 2013 ஜனவரியில் அந்த நாட்டின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ., பெண்களுக்கான அளவை 5 மில்லிகிராமாக, அதாவது நேர் பாதியாகக் குறைக்கச் சொன்னது. பெண் உடலில் இந்த மருந்து மெதுவாகத்தான் வெளியேறுகிறது. ராத்திரி சாப்பிட்டுத் தூங்கி, காலையில் எழுந்து கார் ஓட்டும்போதும் ரத்தத்தில் பாக்கி இருக்கிறது. பாதி அளவு பல பெண்களுக்குப் போதாது என்று வாதிடும் ஆராய்ச்சியாளர்களும் உண்டு, அந்தச் சண்டை இருக்கட்டும். மருந்து வந்து இருபது வருஷம் கழித்தா இந்தப் பேச்சு வரவேண்டும்? என் கேள்வி அதுதான்.

ஏன் இப்படி என்று நோண்டினால் ஒரு நியாயமான பயத்தில்தான் போய் நிற்கிறது. தாலிடோமைட் கதை பலருக்குத் தெரிந்திருக்கும். 1950-களின் கடைசியில் ஜெர்மனியில் ஆரம்பித்துப் பல நாடுகளில் விற்ற மாத்திரை. மசக்கைக்குச் சாப்பிட்ட தாய்மார்களுக்குக் கை கால் வளராத குழந்தைகள் ஆயிரக்கணக்கில் பிறந்தன. 1961-ல் ஜெர்மனியில் விற்பனையை நிறுத்தினார்கள். அந்தப் பயத்தின் தொடர்ச்சியாக 1977-ல் எஃப்.டி.ஏ. ஒரு வழிகாட்டுதல் போட்டது: பிள்ளை பெறக்கூடிய வயதில் இருக்கும் பெண்களை மருந்துச் சோதனைகளின் ஆரம்பக் கட்டங்களில் சேர்க்காதீர்கள். கல்யாணம் ஆகாத பெண், கருத்தடை செய்துகொண்ட பெண், கணவருக்கு ஆபரேஷன் ஆன பெண், யாராக இருந்தாலும் வெளியே நில். இந்தக் கதவு திறந்தது 1993-ல்.

பாதுகாக்கிறோம் என்று வீட்டுக்குள் பூட்டி வைப்பது நமக்கும் பழக்கமான விஷயம்தானே. ஆனால் சோதனையில் சேராத பெண்ணும் சோதனை முடிந்ததும் அந்த மாத்திரையைச் சாப்பிடத்தான் போகிறாள். ஆய்வுக்கூடத்தில், நூறு பேர் கண்காணிப்பில், கையெழுத்து வாங்கிக்கொண்டு நடக்க வேண்டிய சோதனை, அவள் வீட்டு அடுக்களையில் யாரும் பார்க்காமல் நடக்கிறது. அமெரிக்க நாடாளுமன்றத்தின் தணிக்கை அலுவலகம் (நம்ம சி.ஏ.ஜி. மாதிரி) 2001-ல் ஓர் அறிக்கை கொடுத்தது. 1997-லிருந்து அங்கே விற்பனையிலிருந்து திரும்பப் பெறப்பட்ட 10 மருந்துகளில் 8 மருந்துகள் பெண்களுக்கே கூடுதல் ஆபத்து தந்தவை. அதில் நான்கு மருந்துகளைப் பெண்கள்தான் அதிகம் சாப்பிட்டார்கள், எனவே அந்தக் கணக்கில் ஆச்சரியமில்லை. மற்ற நான்கு இரு பாலருக்கும் பரவலாகக் கொடுக்கப்பட்டவை. ஆடிட்டர்கள் என்றால் எனக்குக் கொஞ்சம் அலர்ஜி, இருந்தாலும் இந்த ஆடிட் ரிப்போர்ட்டுக்கு ஒரு சல்யூட்.

மனுஷர்களை விடுங்கள், எலியிலும் இதே கதை. 2009-ல் வெளிவந்த ஆய்வுக் கட்டுரைகளை அமெரிக்காவில் இரண்டு பேர் (பீரி, ஸக்கர்) எண்ணிப் பார்த்து எழுதினார்கள். மூளை நரம்பியலில் ஒரே பால் விலங்குகளை வைத்துச் செய்த ஆய்வுகளில், பெண் விலங்கை வைத்து ஒன்று என்றால் ஆண் விலங்கை வைத்து ஐந்தரை. என்ன காரணம் சொன்னார்களாம்? பெண் எலிக்கு நாலு நாளைக்கு ஒரு தடவை ஹார்மோன் சுழற்சி வரும், ரிசல்ட் ஒரே சீராக வராது! 2014-ல் இதையும் ஒரு குழு சரிபார்த்தது. 293 கட்டுரைகளின் விவரத்தைக் கூட்டிக் கழித்ததில், சுழற்சியைக் கண்டுகொள்ளாமல் எடுத்த பெண் எலிகளின் அளவுகள்கூட ஆண் எலிகளைவிட அதிகம் அலைபாயவில்லை. கூண்டுக்குள் யார் பெரியவன் என்ற போட்டியில் ஆண் எலியின் ஹார்மோனும் ஏறி இறங்குமாம். எங்கள் ரீஜனல் ஆபீஸ் மீட்டிங்கைப் பார்த்தவர்களுக்கு இதை நம்புவதில் சிரமம் இருக்காது :-)

சரி, பெண்களையும் சேர்த்துக்கொண்டால் பிரச்சனை தீர்ந்ததா? அங்கேதான் எனக்கும் பலருக்கும் கருத்து வேற்றுமை. சேர்த்தால் போதாது. சேர்த்துவிட்டு, ரிசல்ட்டைக் கூட்டி ஒரே எண்ணாகக் கொடுத்தால் சேர்த்ததில் பாதிப் பிரயோஜனம் போச்சு. நூறு கிளை இருக்கிற வட்டாரத்தில் வாராக்கடன் சராசரி 3 சதவீதம் என்று சொன்னால் ஏதாவது புரியுமா? ஒரு கிளையில் 20 சதவீதம் மூழ்கிக்கொண்டிருக்கலாம். சராசரி அதை அழகாகப் போர்த்திவிடும்.

இதற்கு உதாரணம் தேடி அமெரிக்கா போக வேண்டியதில்லை. நான் இருப்பது போபாலில். 1984 டிசம்பர் 2-ம் தேதி ராத்திரி இந்த ஊரில் என்ன நடந்தது என்று உங்களுக்குச் சொல்ல வேண்டாம். விஷவாயு என்றதும் கண்ணும் நுரையீரலும்தான் எல்லோர் நினைப்பிலும் இருந்தன. மருத்துவமனை வரிசையில் நின்ற பெண்களுக்குத் தீட்டு ஒழுங்கில்லாமல் போனதையும், வெள்ளைப்படுவதையும், கர்ப்பம் கலைந்ததையும் கேட்டுக் குறித்துக்கொள்ள ஆள் வேண்டுமே. 1985-ல் ராணி பங், மீரா சத்கோபால் என்ற இரண்டு பெண் மருத்துவர்கள் பாதிக்கப்பட்ட பெண்களைப் பரிசோதித்து, இது பெண்நோய்களின் கொள்ளைநோய் என்றே எழுதினார்கள். கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் தயா வர்மா, தொழிற்சாலையிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் வசித்த, அன்றைக்குக் கர்ப்பமாக இருந்த 865 பெண்களின் விவரம் எடுத்தார். அதில் 43 சதவீதம் கர்ப்பங்கள் உயிருள்ள குழந்தையில் முடியவில்லை. நூற்றுக்கு நாற்பத்து மூன்று.

இதே ஊரில் இன்னொரு ஆய்வு, 2003-ல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் ஜாமா இதழில் வந்தது. வாயு பரவியபோது சிறு குழந்தைகளாக இருந்தவர்கள், பாதிக்கப்பட்ட பெற்றோருக்குப் பிறகு பிறந்தவர்கள், இவர்கள் வளர்ந்து பெரியவர்களாகும் வயதில் உயரம், எடை எல்லாம் எடுத்துப் பார்த்தார்கள். பையன்களிடம் வளர்ச்சி குன்றியிருந்தது. பெண்பிள்ளைகளிடம் அப்படித் தெரியவில்லை. கவனியுங்கள், இங்கே இழந்தது பையன்கள். இரண்டு பேரையும் சேர்த்துச் சராசரி போட்டிருந்தால் பையன்களுக்கு நேர்ந்தது பாதியாக மங்கிப்போயிருக்கும். பிரித்துப் பார்ப்பது ஏதோ பெண்களுக்கான சலுகை என்று மீசையை முறுக்கும் நண்பர்கள் இந்த ஒரு ஆய்வை மட்டுமாவது படிக்க வேண்டும்.

இதற்கு எதிர்வாதம் இல்லாமல் இல்லை. ரிசல்ட்டைத் துண்டு துண்டாக வெட்டினால் இல்லாத வித்தியாசமெல்லாம் தெரியும் என்பார்கள் புள்ளியியல்காரர்கள். உண்மைதான். 1988-ல் வந்த ஐஸிஸ்-2 என்ற பிரபலமான ஆய்வு, மாரடைப்பு வந்தவுடன் ஆஸ்பிரின் கொடுத்தால் உயிர் பிழைக்கும் வாய்ப்பு கூடுகிறது என்று நிரூபித்தது. அதை உட்பிரிவு வாரியாகப் பிரித்துப் போடு என்று வற்புறுத்தியபோது ஆய்வாளர்கள் குறும்பாக ராசி வாரியாகவும் பிரித்துப் போட்டார்கள். மிதுனத்துக்கும் துலாத்துக்கும் ஆஸ்பிரின் வேலை செய்யவில்லை! நம்ம ஊர் ஜோசியர் யாராவது பார்த்திருந்தால் பரிகாரமே சொல்லியிருப்பார்.

ஆனால் ராசி மாதிரியா ஆண், பெண் வித்தியாசம்? உங்கள் வீட்டு ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டை எடுத்துப் பாருங்கள். ஹீமோகுளோபினுக்கு ஆணுக்கு ஓர் அளவு, பெண்ணுக்கு ஓர் அளவு. கிரியாட்டினினும் அப்படித்தான். லேப்காரர் யாரும் மேஷத்துக்கு இவ்வளவு, ரிஷபத்துக்கு இவ்வளவு என்று அச்சடிப்பதில்லை. எனவே சோதனை ஆரம்பிக்கும் முன்பே 'ஆண், பெண் என்று பிரித்துப் பார்ப்போம்' என்று எழுதிவைத்து, அதற்குப் போதுமான பெண்களைச் சேர்க்க வேண்டும். முடிந்த பிறகு தோன்றியபடி வெட்டுவது வேறு. செலவு கூடும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கையில் இருக்கிற எண்களைப் பிரித்து ஓர் அட்டவணை போடுவதற்கு என்ன பெரிய செலவு? எக்செல்லில் ஒரு காலம் கூடுதல். 2016-ல் அறிவியல் இதழாசிரியர்களுக்கான ஐரோப்பியச் சங்கம் ஒன்று, கட்டுரை எழுதுகிறவர்கள் இதைச் செய்ய வேண்டும் என்று வழிகாட்டுதலே வெளியிட்டது. அமெரிக்காவின் என்.ஐ.ஹெச். அதே ஆண்டு ஜனவரியிலிருந்து, எங்களிடம் பணம் கேட்கிறவர்கள் ஆண், பெண் இரண்டையும் கணக்கில் எடுத்துத் திட்டம் போடுங்கள், ஒரே பால் போதும் என்றால் காரணம் சொல்லுங்கள் என்றது. பணம் கொடுக்கிறவன் கேட்டால்தான் ஸ்டேட்மெண்ட் வரும், இது எங்கள் தொழில் ரகசியம்.

நம் நாட்டிலும் 2009 ஜூன் முதல் மருந்துச் சோதனைகளை ஆரம்பிக்கும் முன் சி.டி.ஆர்.ஐ. என்ற பதிவேட்டில் பதிவது கட்டாயம். இணையத்தில் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். யாரைச் சேர்ப்பீர்கள் என்ற இடத்தில் ஆண், பெண், இருவரும் என்று இருக்கும். 'இருவரும்' என்று போட்டுவிட்டு நூறு பேரில் பத்துப் பெண்களைச் சேர்த்தாலும் பொய் சொன்னதாகாது. எத்தனை பெண்கள் சேர்ந்தார்கள், எத்தனை பேர் பாதியில் விலகினார்கள், மருந்து அவர்களுக்கு எப்படி வேலை செய்தது என்பதையும் கட்டாயமாக அதே இடத்தில் போடச் செய்ய வேண்டும். மருந்துக்குள் வரும் துண்டுச் சீட்டில் அதில் ஒரு வரி வர வேண்டும். என் கோரிக்கை இவ்வளவுதான்.

கேட்காமல் விட்டால் என்னாகும் என்பதை கோவிட் சமயத்தில் பார்த்தோம். இந்தியாவில் தடுப்பூசி ஆரம்பித்தது 2021 ஜனவரி 16. கர்ப்பிணிகளுக்கு அனுமதி கிடைத்தது ஜூலை 2. நடுவில்தான் அந்தக் கொடூரமான இரண்டாம் அலை. பெரிய சோதனைகளில் கர்ப்பிணிகளைச் சேர்க்கவில்லை, எனவே சொல்வதற்கு விவரமில்லை. ஊசி போட்டால் தீட்டு தள்ளிப்போகிறது என்ற பேச்சு தங்கமணியின் வாட்ஸப் குழுவில் ஓடியபோது பதில் சொல்ல யாருமில்லை, வதந்திதான் பதில் சொன்னது. 2022-ல் ஆய்வு முடிவு வந்தது: சுழற்சி தள்ளிப்போவது உண்மை, சராசரியாக ஒரு நாளைக்கும் குறைவு. பயப்பட ஒன்றுமில்லாத செய்தி. முதல் நாளே கேட்டு வைத்திருந்தால் எத்தனை பெண்கள் பயமில்லாமல் ஊசி போட்டிருப்பார்கள்!

இனி நம்மைப் போல ஊர் விட்டு ஊர் வந்தவர்களுக்கான விஷயம். ஆராய்ச்சிக்காரர்கள் 'பால்' வேறு, 'பாலினம்' வேறு என்பார்கள். முதலாவது உடம்பு: சிறுநீரகம், ஹார்மோன், கொழுப்பு. இரண்டாவது வாழ்க்கை: யார் பேச்சு எடுபடும், யாருக்காக ஆட்டோ கூப்பிடுவார்கள், யார் செலவுக்குக் கணக்குப் பார்ப்பார்கள். எனக்கு இது விளங்கியது பிப்ளானி பக்கம் குடியிருக்கும் ஓர் அக்காவால்தான். திருநெல்வேலிக்காரர், 52 வயது. மூன்று நாளாக அசதி, வியர்வை, தாடை வரைக்கும் ஒரு மாதிரி இழுப்பு. ஒரு மருத்துவமனைக்குப் போனார்கள். அக்காவுக்கு இந்தி கடைக்காரரிடம் பேசுகிற அளவுக்குத்தான். டாக்டர் கேட்டதற்கெல்லாம் அவர் வீட்டுக்காரர்தான் பதில் சொன்னார். 'கேஸ்' என்ற சொல் வந்தது, கேஸுக்கு மாத்திரை வந்தது, இ.சி.ஜி. எடுக்கவில்லை. இரண்டு நாள் கழித்து வேறு இடத்தில் பார்த்தபோது மாரடைப்பு என்றார்கள். ஸ்டென்ட் வைத்து இப்போது நன்றாக இருக்கிறார். "தம்பி, எனக்கு வலிக்கலை. நெஞ்சைப் போட்டுப் பிசைஞ்சுது. அதை இந்தியில எப்படிச் சொல்லதுன்னு தெரியலை. அவரும் வலிக்குதான்னுதான் கேட்டாவ, நான் இல்லைன்னேன்" என்றார் அக்கா.

பெண்களுக்கும் மாரடைப்பில் நெஞ்சு வலிதான் அதிகம் வருகிற அறிகுறி, அதை மறக்க வேண்டாம். ஆனால் மூச்சுத் திணறல், குமட்டல், தாடை, முதுகு, தாங்க முடியாத அசதி என்று கூடவே வருவது ஆண்களைவிட அவர்களுக்கு அதிகம். டாக்டரும் குடும்பமும் மனசில் வைத்திருக்கும் மாரடைப்புப் படமோ, சினிமாவில் அப்பா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சோபாவில் சாய்வது.

ரத்தத்தில் ட்ரோபோனின் பார்த்து மாரடைப்பைக் கண்டுபிடிப்பார்கள். எடின்பரோவில் செய்து 2015-ல் வெளிவந்த ஆய்வில், எல்லோருக்கும் ஒரே எல்லைக்கோடு வைப்பதற்குப் பதிலாக பெண்களுக்கு 16, ஆண்களுக்கு 34 என்று தனித்தனியாக வைத்துப் பார்த்தார்கள். மாரடைப்பு என்று கண்டறியப்பட்ட பெண்கள் 11 சதவீதத்திலிருந்து 22 சதவீதமானார்கள். ஆண்களில் 19 என்பது 21 ஆனதோடு சரி. இதில் வேதனை என்னவென்றால், அதற்கப்புறம் ஸ்காட்லாந்தில் பெரிய அளவில் இந்தத் தனிக்கோட்டை நடைமுறைக்குக் கொண்டுவந்தபோது, பெண்களின் பாதிப்பு கூடுதலாகக் கண்டுபிடிக்கப்பட்டும் ஆண்களுக்குக் கிடைத்த சிகிச்சை அவர்களுக்கு அந்த அளவு கிடைக்கவில்லை. உடம்பின் வித்தியாசத்தைக் கருவி பிடித்துக் கொடுத்தது. வாழ்க்கையின் வித்தியாசம் அப்படியே நின்றது.

அக்கா விஷயத்துக்குப் பிறகு எங்கள் தமிழ் நண்பர்கள் வட்டத்தில் ஒரு வேலை ஆரம்பித்திருக்கிறோம். டாக்டரிடம் பெண்கள் தாங்களே சொல்வதற்கு ஒரு பக்கத் தமிழ்-இந்தி சொல் பட்டியல். தமிழ் எழுத்திலேயே. நெஞ்சு பாரமாக இருக்கிறது: சீனே மே பாரிபன். எரிகிறது: ஜலன். படபடப்பு, பிசைவது இரண்டுக்கும் பக்கத்தில் வருவது: கப்ராஹட். தலை சுற்றல்: சக்கர். அசதி: தகான். மூச்சு முட்டுகிறது: தம் குட் ரஹா ஹை. பின்பக்கத்தில் என்னென்ன மாத்திரை, எத்தனை நாளாக, எடை எவ்வளவு, கர்ப்பமா, தீட்டு நின்றுவிட்டதா என்று நிரப்பக் கட்டங்கள். கடைசிக் கட்டத்தில் டாக்டரிடம் கேட்க ஒரு கேள்வி: இந்த மருந்தும் அளவும் பெண்களிடம் சோதித்ததுதானா?

கொல்கத்தா, அகமதாபாத், புவனேஸ்வர், புனே நண்பர்களே, 'நெஞ்சைப் பிசையுது' என்பதற்கு உங்கள் ஊர் பாஷையில் என்ன சொல்வார்கள்? அகராதிச் சொல் வேண்டாம், வீட்டு வேலைக்கு வரும் அம்மாவிடம் கேட்டுப் பின்னூட்டத்தில் போடுங்கள். ஒடியாவுக்கு இதுவரை ஒரு சொல்கூடக் கிடைக்கவில்லை.